காதோடு ஏலம்

பெரியநாயகிக்கு மதிக்கத்தக்க ஆள் என்று உலகத்தில் யாரும் அகப்படவில்லை. ரப்பர் தோட்டத்துத் துரை அவளுக்கு வேகாத கோழி. கணக்கெழுதும் கிராணி, நிழலைக் கண்டாலும் கும்பிடுகிறவன். புருஷன் வீரமுத்து பால்வாளி மாட்டி வைக்க ஆகும் ஒரு கொக்கி. கடவுளைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பாள். "அவரு இந்தத் தோட்டத்துப் பக்கம் வந்ததில்ல" என்பாள்.

மீனையும் அவள் மதித்ததில்லை. ஆனால் சோறு மீனிலிருந்துதான் வந்தது. மெர்லிமாவுக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில் பலகைத் துறை ஒன்றும் அதை ஒட்டி ஓர் ஐஸ் கடையும் இருந்தன. விடிந்ததும் மலாய்க்காரர்களின் படகுகள் அங்கே வந்து சேரும். அவள் ஒரு கூடை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, சுங்கை ரம்பாய் சாலையில் இறங்கி, தோட்டம் தோட்டமாக, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்பாள். பஸ்ஸில் யாராவது மூக்கைப் பொத்தினால், "கூடையைத் தூக்கி மேல போட்டாச்சு. இப்ப வர்றது யாரு நாத்தம்?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் கங்காணியின் வாய்க்குப் பயந்து பால் மரம் வெட்டியவள். ஒருநாள் அந்த வாய்க்குத் தன் வாயால் பதில் சொல்லிவிட்டு, மறுநாள் மீன்காரியானாள்.

அந்தத் துறையில் ஏலம் கூவுகிற வழக்கம் இல்லை. பாக் டோலா என்ற கிழவர் மீன் கூடைக்குப் பக்கத்தில் நிற்பார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் அவர் காதில் வாயை வைத்துத் தங்கள் விலையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்ததும் கிழவர் யாரையாவது பார்த்துக் கையை நீட்டுவார். கூடை அந்த ஆளுக்கு. எந்த விலைக்குப் போனது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தோற்றவன் எவ்வளவில் தோற்றான் என்பதும் தெரியாது. கிழவர் ஓரவஞ்சனைக்காரர் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த வஞ்சனை தனக்குச் சாதகமானது என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக நம்பினான். அதனால்தான் சண்டை வரவில்லை.

பெரியநாயகியின் குசுகுசுப்பில் விலை கடைசியில்தான் வரும். முதலில் மீனைத் திட்டுவாள். "இந்தக் கெம்போங்கு உன் கல்யாணத்துக்குப் பிடிச்சதா, பாக்?" என்பாள், சந்தைப் பேச்சான பாசார் மலாயில். "கண்ணைப் பாரு, வட்டிக்காரன் கண்ணு." கிழவரின் தொப்பை குலுங்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. படகுக்காரனுக்கும் தெரியாது. தெரிந்தால் துடுப்பால் அடித்திருப்பான். சிரித்த வாயோடு கிழவர் அவள் பக்கம் கையை நீட்டிவிடுவார். லாரி வைத்திருந்த சீன முதலாளி ஆ கிம் தவுக்கேகூடச் சில நாள் அவளிடம் தோற்றான்.

இதைக் கெடுத்தவன் அவள் கொழுந்தன் சாமிநாதன்.

மலாயாவில் அது அவசரகாலம். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் கருவாடும் போய்விடக்கூடாது என்று சாலையெங்கும் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஆள் பற்றாத சர்க்கார், கிடைத்தவனுக்கெல்லாம் காக்கி மாட்டியது. பால் நிறுக்கும் கொட்டகையில் எடுபிடியாக இருந்த சாமிநாதன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆனான். அரைக்கால் சட்டை அவனுக்கு முழங்காலைத் தாண்டியது. துப்பாக்கி அவனைவிடச் சற்றுப் பயந்த மாதிரி தோளில் தொங்கியது. மீன் வயிற்றில் மருந்து கடத்துகிறார்களா என்று கம்பியால் குத்திப் பார்ப்பது அவன் வேலை. குத்தின மீனை யார் வாங்குவார்கள்?

தோட்டத்தைத் தாண்டாதவனைத் துறைக்குக் காவல் போட்டார்கள். ஒரு வாரம் வாய் பார்த்தான். பிறகு ஒருநாள் அண்ணி வீட்டுக்கு வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டினான்.

"அண்ணி, இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு."

"கழுவிக்கிட்டாரா?"

"வெளயாடாதீங்க. பெரிய ரிப்போர்ட்டு குடுத்திருக்கேன். துறையில ஒரு கெழவன் நிக்கிறான். காலையில ஒவ்வொருத்தனா வந்து அவன் காதுல என்னமோ ஓதுறான். யாரும் சத்தம் போட்டுப் பேசல. அவன் கையைக் காட்டுறான், கூடை கைமாறுது. என்னா தைரியம் பாருங்க, பட்டப்பகல்ல காட்டுக்குச் சேதி அனுப்புறானுங்க!"

பெரியநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அது ஏலம்டா."

"ஏலம்னா கூவணும்ல? நம்ம கோயில் ஆட்டைக் கூவித்தானே விட்டாங்க?"

"நானுந்தானே அந்தக் காதுல பேசுறேன். என்னையும் சேர்த்தா ரிப்போர்ட்டு?"

"சே, சே! நீங்க அண்ணியாச்சே. ஒரு பொம்பளைன்னு மட்டும்தான் சொன்னேன்."

"ரொம்பப் பெரிய மனசு தம்பி. எந்திரி. நாற்காலி தாங்காது."

மறுவாரம் உத்தரவு வந்தது. துறையில் இனி யாரும் காதில் பேசக்கூடாது. விலையை எல்லோரும் கேட்கக் கூவ வேண்டும்.

கூவினார்கள். ஆ கிம் தவுக்கேக்குக் கூவ வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. மற்றவன் ஒரு விலை சொன்னால், பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் அதற்கு மேல் கொஞ்சம் சொன்னான். கூடைகள் வரிசையாக அவன் லாரியில் ஏறின. பெரியநாயகி ஒரு தடவை பழக்கத்தில் மீனைச் சத்தமாகத் திட்டிப் பார்த்தாள். படகுக்காரன் துடுப்பை எடுத்தான். பாக் டோலா சிரிக்கவில்லை. கூவுகிற இடத்தில் அவருக்கு வேலை இல்லை. ஒரு கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வெறுங்கூடையோடு பஸ் ஏறினாள். இப்படியே போனால் பால் மரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அந்தக் கங்காணி இன்னும் சாகவில்லை. அவள் திரும்பி வந்து வரிசையில் நிற்கிற காலையைப் பார்க்கவே அவன் உயிரை வைத்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"நீங்க பேசுங்கக்கா" என்றான் வடிவேலு. அவனும் கூடைக்காரன்தான். சைக்கிளில் போய் விற்பவன். "இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கெழமை வாராராம். எங்களுக்கெல்லாம் வாய் எங்கக்கா இருக்கு?"

"திங்கிறதுக்கு இருக்குதுல்ல?"

"அதுக்கு மட்டும்தாங்க்கா இருக்கு" என்று அவன் பல்லைக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். வெள்ளைக்காரர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. மலாய் கொஞ்சம் தெரியும். பின்னால் சாமிநாதன், தன் கண்டுபிடிப்பைச் சுற்றிக் காட்டுகிறவன் போல. பெரியநாயகி முன்னால் போய் நின்றாள். கூடைக்காரர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"துவான், நாங்க காதில் சொல்றது விலை. வேற ஒண்ணும் இல்லை."

"விலை சொல்ல ரகசியம் எதுக்கு?" என்றார் அவர்.

விளக்கலாம். விளக்கிப் புரியவைக்க இவர் என்ன ஆளா என்று அவளுக்கு இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய திருக்கை மல்லாந்து கிடந்தது. "நீங்க பாக் டோலா. நான் வாங்க வந்தவ. குனிங்க" என்றாள். அவர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். சோப்பு வாசனை அடித்த அந்தக் காதில் அவள் வழக்கம்போல மீனைத் திட்டினாள்.

"துவான், இந்தத் திருக்கை உங்களை மாதிரியே இருக்கு. வயிறு வெளுப்பு, மேல ரொம்பப் பெரிசு. செத்துப்போனது தனக்கே தெரியாம விறைப்பா படுத்திருக்கு. பாதி விலைக்குன்னா தூக்கிக்கிட்டுப் போறேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் காதிலிருந்து சிவந்தது. நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார், ஐஸ் கடைப் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். பிறகு சாமிநாதனிடம், பழையபடியே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வேகமாக ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவ்வளவுதான். காதோடு ஏலம் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் மெர்லிமாவ் சாலைத் தடுப்பில் ஐஸ் கடைக்காரனைப் பிடித்தார்கள். ஐஸை மூடும் மரத்தூள் மூட்டைக்குள் அரிசி இருந்ததாம். லாரியைச் சோதித்துப் பிடித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்களில் ஜனங்களுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும். போலீஸ் ஆட்களை வரிசையில் நிறுத்தும். தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் எதிரே நிற்பான். சாக்கு ஆடினால் ஆள் லாரியில் ஏறுவான். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் விழுந்தவர்கள் பிறகு பால் மரத்தடியில் பிணமாகக் கிடந்தார்கள். பெரியநாயகி சாக்குகூட மாட்டவில்லை. எல்லோரும் பார்க்க வெள்ளைக்காரன் காதில் சொன்னாள். அவன் முகம் மாறியது. ஐஸ் கடையைப் பார்த்தான்.

"என்னடா சொன்னேன்னு நெனச்சீங்க?" என்று வடிவேலுவைப் பிடித்துக் கேட்டாள். "அவன் மூஞ்சி திருக்கை மூஞ்சின்னு சொன்னேன்டா."

வடிவேலு சைக்கிளை நிமிர்த்தினான். "இருக்கட்டும்மா" என்றான். நேற்றுவரை அக்கா.

"அம்மாவா? உனக்குப் பால் குடுத்தேனா நானு?"

"வெள்ளைக்காரத் துரையை அப்படிச் சொன்னா வெளிய விட்டிருப்பானாம்மா? நாங்க ஒண்ணும் கேக்கல. நீங்க என்னா பேசினாலும் நல்லதுக்குத்தான் பேசியிருப்பீங்க." அவன் கண் சைக்கிள் மணியிலேயே இருந்தது.

உண்மையைச் சொன்னால் நம்பும்படி இல்லை. பொய் சொல்லிப் பார்க்கலாம் என்றால், அதற்குள் சாமிநாதன் முந்திக்கொண்டான். கள்ளுக்கடை வாசலில் நின்று, "எங்கண்ணி இப்ப டிப்பார்ட்மெண்டுக்கு வேண்டியவங்க. பார்த்துப் பேசுங்கலா" என்று அறிவித்துவிட்டு வந்தான். தன்னையும் ரெண்டு பேர் பயந்து பார்த்ததில் அவனுக்குச் சட்டைகூடக் கொஞ்சம் சரியாகிவிட்டது.

துறையில் அவள் போனால் வழி விலகியது. பாக் டோலாவின் காதருகே குனிந்தாள். வாயைத் திறக்குமுன் கிழவர் கையை நீட்டிவிட்டார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே, பாக்!"

"எடுத்துக்கோ லா" என்றார். அவர் தோள் விறைத்திருந்தது.

நல்ல கூடை. பளபளக்கும் கெம்போங். அதை இறக்கியதும் லயத்துப் பெண்கள் பேரம் பேசாமல் வாங்கினார்கள். ஒருத்திகூட மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. தோற்றத்தைக் குறை சொல்லவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு லாபமாக விற்றதும் இல்லை, இவ்வளவு அசிங்கமாக உணர்ந்ததும் இல்லை. பேரம் பேசத் தைரியம் இல்லாத ஜென்மங்கள் என்று கூடைக்குள் துப்பினாள்.

கடைசி லயத்தில் வேலாயி மட்டும் வாசலுக்கு வந்தாள். பல வருஷமாக அவளிடம் வாங்கி, அவளிடம் சண்டை போடுகிறவள். மீனைப் பார்க்கவில்லை.

"அக்கா, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"யாரு சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ராத்திரி வேலியோரம் ஆளு வந்து, மீன்காரி எந்த ரோட்டுல போறா, எத்தனை மணிக்குப் போறான்னு விசாரிச்சிட்டுப் போறான். எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு."

பஸ் சாலைவரை இரண்டு பக்கமும் பால் மரம்தான். பெரியநாயகி அந்தச் சாலையில் அத்தனை காலம் நடந்ததில் முதல் தடவையாக மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். காட்டுக்காரர்களையும் அவள் மதித்ததில்லை. விசாரிக்க வந்தவனுக்கு, அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று விசாரிக்கக்கூடத் தெரியவில்லையே என்றுதான் எரிச்சலாக இருந்தது. ஆனால் கால் வேகமாகப் போயிற்று.

மறுநாள் துறையில் கூடை வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய்க் காதில் சொன்னார்கள். அவள் முறை வந்தது. கிழவர் காதைக் கொடுக்காமலே கையைத் தூக்கத் தொடங்கினார்.

"கையை இறக்கு, பாக்" என்று பெரியநாயகி கத்தினாள். நாலு படகு தூரத்துக்குக் கேட்டது. "நான் இனி யாரு காதுலயும் வாயை வைக்கிறதில்ல. உன் காதுலயும் இல்ல, எவன் காதுலயும் இல்ல. என் வெலை இதுதான். எல்லாரும் கேட்டுக்குங்க." விலையைச் சொன்னாள். மலாயில் சொன்னாள், தமிழில் சொன்னாள், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்திலும் சொன்னாள்.

ஆ கிம் தவுக்கே பல்குச்சியை எடுத்துவிட்டான். வடிவேலு ஒரு கணம் தயங்கினான். பிறகு மெல்ல முன்னால் போய், பாக் டோலாவின் காதில் குனிந்தான். அவள் விலை தெரிந்த பிறகு அதற்கு மேல் ஒரு நூல் சொல்ல எவ்வளவு மூளை வேண்டும்? கிழவர் அவன் பக்கம் கையை நீட்டினார். அடுத்த கூடையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். குசுகுசுப்பை மீட்டுக்கொடுத்தவளைத் தவிர எல்லோருக்கும் அது உதவியது.

அவள் அதற்குப் பிறகு எப்போதும் கூவித்தான் கேட்டாள். எப்போதும் தோற்றாள். முதல் நாள் அவளுக்கு மிஞ்சியது, யாரும் விலை சொல்ல வராத பொடிமீன் கூடை ஒன்று. பாதி நசுங்கியிருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வர வேண்டாம் என்று சொன்ன அதே தோட்டத்துக்குப் போனாள். துறையில் அவள் கூவிய கதை அவளுக்கு முன்னால் வடிவேலுவின் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தது. லயத்து வாசல்களில் தலைகள் தெரிந்தன.

வேலாயி வெளியே வந்து கூடைக்குள் கையை விட்டு, ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் பூனை திங்குமாக்கா?"

"பூனைக்கு மானம் இருக்கு, திங்காது. உன் புருஷன் திம்பான். எவ்வளவு போடட்டும், சொல்லு."