புளோரன்ஸ் போய் வந்த குக்கர்

டிராவல்ஸ் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லா ஊருக்கும் வழி தெரியும், எந்த ஊருக்கும் போன பழக்கம் இருக்காது. வளைகுடாவில் அப்படி உட்கார்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப்போவதில்லை.

என் மனைவி வசந்தாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆகஸ்ட் மாதக் கடைசியில், காலை நேரம். குவைத்தில் அப்பாசியாவில் எங்கள் ஃப்ளாட். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கரை வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் நாங்கள் இருவரும் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துக்குப் புறப்பட இருந்தோம். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் சொன்னாள்: "வரும்போது சூட்கேசுக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க."

அந்தக் குக்கர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறேன்.

திரும்பி வராதவன்

நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸில் டீ போடத்தான் சேர்ந்தேன். டிக்கெட் போடுகிறவர்கள் எழுந்து போன பிறகு அவர்கள் கம்ப்யூட்டரில் நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டு, சில வருடங்களில் ஐரோப்பா சீட்டில் உட்கார்ந்தேன். கோடை வந்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இத்தாலிக்குக் கிளம்பும். அப்படிப் போன ஒருவர் புளோரன்ஸிலிருந்து ஒரு காந்தப் பொம்மை கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊர்ப் பெரிய மாதா கோயில். மேலே சிவப்பு ஓடு வேய்ந்த பிரம்மாண்டமான கும்மட்டம். வசந்தா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். "இது மேல ஏற முடியுமாங்க?" என்று கேட்டாள். படி இருக்கிறது, ஏறலாம் என்றேன். "அப்ப ஏறலாம்" என்றாள். எங்களுக்குள் நடந்த திட்டமிடல் அவ்வளவுதான்.

இரண்டு பேருக்குச் சோறு வடிக்கிற அளவில், கைப்பையில் அடங்குகிற குக்கர் ஒன்றை அவளே போய் வாங்கி வந்தாள். விசாவுக்குக் கொடுத்தோம். நிராகரித்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். வருடக்கணக்காக ஒரே நாற்காலிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவன் நான். செய்தி எப்படியோ பரவியது. மறுநாள் ஒரு கஸ்டமர் வந்து கையை நீட்டினார்: "உங்க விசாவே தேறலையாமே சார். என் ஃபைலை இப்படிக் குடுங்க, நான் வேற இடத்துல பாத்துக்கறேன்."

மூலவர், உற்சவர்

குக்கர் சும்மா கிடந்தது. சால்மியாவிலிருந்து ஒரு வங்கி அதிகாரியும் அவர் அம்மாவும் புளோரன்ஸ் போனார்கள். அந்த மாமி வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வசந்தா குக்கரைக் கொடுத்தனுப்பினாள். ஒரே நிபந்தனை: திரும்பி வந்ததும் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு கோடைக்கும் அது வழக்கமாகிப்போனது. புளோரன்ஸ் போகிற குடும்பம் எதுவானாலும் எங்கள் குக்கரும் கூடப் போகும்.

அந்த முதல் தடவை, ஊர் திரும்பியதும் மாமியின் மகன் நேராக என் கவுன்டருக்கு வந்து சத்தம் போட்டார். சதுக்கத்தில் நின்ற ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு வெள்ளைக்கல் சிலையோடு இருவரும் படம் எடுத்துக்கொண்டார்களாம். பிறகுதான் தெரிந்ததாம், அது நகல். அசல் வேறு இடத்தில், மியூசியத்துக்குள் இருக்கிறது. நான் முன்பே சொல்லவில்லையாம். அன்று மாலை டீ குடிக்க வந்த மாமி மகனை அடக்கினார்: "மூலவர் உள்ள இருப்பார், உற்சவர் வெளியில வருவார். இதுக்குப் போய் டிராவல்ஸ்காரரைத் திட்டுவாளா? ரெண்டு பேருக்கும் ஒரு வேஷ்டி இல்லைங்கறதுதான் எனக்குக் குறை."

தங்கப் பாலம்

அந்த ஊரில் ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் இருக்கிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் நகைக்கடைகள். நம்மவர்களிடம் அதைச் சொன்னால் போதும், வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அங்கே போய்விடுவார்கள். மங்காஃபிலிருந்து போன ஒரு தம்பதி பாலத்திலேயே ஒரு முழுநாள் நின்றிருக்கிறார்கள். எல்லாம் பதினெட்டு காரட் என்று தெரிந்து அந்தப் பெண்ணுக்கு வந்த கோபம், குவைத் திரும்பிக் குக்கரைக் கொடுக்க வந்தபோதும் தணியவில்லை. செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார்.

வசந்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீழ ஆத்துல தண்ணி ஓடுதா?" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தை யாரு அக்கா பாத்தா?"

சீசன்

எங்கள் மேனேஜர் மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கோடையில் மனிதராக இருக்க மாட்டார். ஐரோப்பா சீட்டுக்காரன் கோடையில் ஐரோப்பா போக லீவு கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். சீசன் முடிந்து கேட்கப்போனால் அந்த வருடம் எங்கள் பையனுக்குப் பரீட்சை. மறு வருடம் என் அப்பாவின் காரியம். பிறகு எல்லா ஊர்களும் மூடிக் கிடந்த வருடம் வந்தது. குக்கர் வீட்டிலேயே இருந்தது. வசந்தா அதைப் பால்கனியில் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தாள். கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் இல்லை; எப்போது போய் நின்றாலும் மேனேஜர் சொல்வது ஒன்றுதான்: "சீசன் கலாஸ், லீவு ஓகே. சீசன் மாஃபி கலாஸ், லீவு மாஃபி."

கோயில் படி

ஊர்கள் திறந்ததும் குக்கர் மறுபடி கிளம்பியது. டீ குடிக்க வருகிறவர்களிடம் வசந்தா கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "கும்மட்டத்து மேல ஏறினீங்களா?" ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். குழந்தை தூங்கிவிட்டது, டிக்கெட் தீர்ந்துவிட்டது, லிஃப்ட் இல்லை, பசித்துவிட்டது. பதிலைக் கேட்டு அவள் முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியாது. எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு குடும்பம் தயிர்சாதம் கட்டிக்கொண்டு அந்தக் கோயில் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் குக்கரில் வடித்த சாதம். சீருடைக்காரர் ஒருவர் வந்து கையைத் தட்டி எழுப்பிவிட்டிருக்கிறார். ஊறுகாய் கையோடு மேலே எப்படி ஏறுவது என்று திரும்பிவிட்டார்கள். அந்த வீட்டுத் தலைவர் ஆபரேட்டர் வேலை பார்ப்பவர், திருவாரூர்ப் பக்கம். அவருக்கு இன்னும் ஆறவில்லை: "கோயில் படியில சோறு திங்கக் கூடாதுன்னா அப்புறம் அது என்ன கோயில் அண்ணே?"

முழங்கால்

இதற்குள் வசந்தாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோன நாட்களில் இரண்டாவது மாடிக்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவாள். டாக்டர் படியேறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இனிமேல் புளோரன்ஸ் பேச்சை எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க ஏறுங்க. நான் கீழ உக்காந்து நீங்க தெரியறீங்களான்னு பாக்கறேன்."

ப்ளக்

மறுபடி விசாவுக்குக் கொடுத்தோம், இந்தத் தடவை கிடைத்தது. மேனேஜரும் செப்டம்பர் தொடக்கத்தில் லீவு கொடுத்தார். அதற்கு முன் குக்கர் கடைசியாக ஒரு குடும்பத்தோடு போனது. செல்வராஜ் ரிஃபைனரியில் எலக்ட்ரீஷியன், தூத்துக்குடிக்காரர். ஆகஸ்டில் திரும்பி வந்தார். வசந்தா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஏறினோம்லா" என்றார்.

வசந்தா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "மேல போனா என்ன தெரியுது?"

"சுத்தி எங்க பாத்தாலும் செவப்பு ஓடுதான் மைனி. ஊரே ஒரே கூரையா கெடக்கு. இங்க எந்த மாடில ஏறினாலும் டிஷ் ஆன்டெனாதான தெரியும்?"

பிறகு தயங்கித் தயங்கிக் குக்கரை எடுத்தார். ஹோட்டல் அறையில் அடாப்டர் எரிந்துவிட்டதாம். அந்த மாடி முழுக்க இருட்டாகி, ஹோட்டல்காரம்மா மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாராம். மறுநாள் செல்வராஜ் அந்த ஊர்க் கடையில் ஒரு ப்ளக் வாங்கி, பழையதை வெட்டி எறிந்துவிட்டு இதை மாட்டியிருக்கிறார். மூன்று உருண்டைக் கால்கள், ஒரே வரிசையில். நம் குவைத் ப்ளக் போலச் சதுரக் கால் இல்லை. "வேலை சுத்தமா இருக்கும் அண்ணாச்சி, ஆனா இங்க சொருக முடியாது. நாளைக்கே வந்து மாத்தித் தாறேன்" என்றார். அவர் எதற்கு, நானே மாற்றுகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவர் எடுக்க எழுந்தேன். வசந்தா குக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்: "மாத்தாதீங்க. அங்க போய் நேரா சொருகிக்கலாம். நம்ம வீட்டுல அந்த ஊருக்குப் போகத் தயாரா இருக்கறது இது ஒண்ணுதான்."

கடைசி புக்கிங்

பூட்டு வாங்கி வரச் சொன்ன அன்று மத்தியானம் பக்கத்து ஃப்ளாட் அம்மா போன் செய்தார். மாரடைப்பு என்றார்கள். நான் வருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது. குக்கர் கட்டிலில் இருந்தது. துணி அதன் மேல் காய்ந்துபோயிருந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இங்கே இறந்தவரை ஊருக்கு அனுப்புவதும் ஒரு புக்கிங்தான். அது கார்கோவில் வரும். எத்தனையோ பேருக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று ஆபீஸுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதலில் புளோரன்ஸ் டிக்கெட்டுகளை ரத்து செய்தேன். அடுத்த பக்கத்தைத் திறந்து அவள் பெயரைத் தட்டத் தொடங்கியபோது பாபு வந்து பின்னால் நின்றான். பத்தனம்திட்டாக்காரன், என்னோடு பல வருடம் ஒரே கவுன்டரில் இருந்தவன். என் தோளைத் தொட்டு எழுப்பினான்: "அண்ணா, இது நான் செய்யறேன். நீங்க செஞ்சா பேர்ல ஒரு எழுத்து தப்பாப் போகும். அக்காவை ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க."

அடுத்த கோடை

ஊரில் எல்லாம் முடித்துவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். விசாக்காரர்கள் பயந்தது வீண். கோடை வந்தது. ஃபகாஹீலிலிருந்து ஓர் இளம்பெண், கணவரோடு புளோரன்ஸ் போகிறார். பேப்பரெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "சார், உங்க வீட்டு அக்கா ஒரு குக்கர் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. நாங்க திரும்பி வந்ததும் வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லணுமாமே. அக்கா எப்ப வீட்டுல இருப்பாங்க?"

குக்கர் அலமாரியில் இருக்கிறது. அதன் ப்ளக் இந்த ஊரில் எந்தச் சுவரிலும் நுழையாது.