குங்குமத்துக்கு நீளாத கை

என் புருஷன் செத்ததை மாமனாரிடம் மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை என்னால் முடியவில்லை.

உலகச் சண்டைக் காலம், ஐப்பசி மாதம். பேரையூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து அவர் போய்விட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளை இல்லை. வீட்டில் மாமாவும் நானும்தான். மாமாவுக்கு எழுபதுக்கு மேல், ஞாபகம் நிற்காது. கொள்ளி வைத்ததே அவர்தான். மறுநாள் விடிந்ததும், "எங்க தாயி அவன்?" என்றார்.

சொன்னேன். மாமா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பட்டினியாகக் கிடந்தார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மூன்று நாளும் அதே கிடைதான். நாலாவது நாள், "சந்தைக்குப் போயிருக்காரு மாமா" என்று சொல்லிவிட்டேன். முகம் தெளிந்து கஞ்சி குடித்தார். அப்புறம் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன்.

பதினாறாம் நாள் என் தாலியைக் கழற்றினார்கள். "நெத்தி ஏன் வெறுமனே கெடக்கு?" என்றார் மாமா. அன்றிலிருந்து வீட்டுக்குள் பொட்டு வைப்பேன், வெளியே போனால் அழிப்பேன். ஒருநாள் அழிக்க மறந்து தண்ணீருக்குப் போய்விட்டேன்.

"ஏத்தா, சந்தைக்குப் போன புருஷன் வந்துட்டாரா?" என்றாள் கிணற்றடியில் ஒருத்தி; நான் சொல்லும் பொய் ஊருக்கே தெரிந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் அழவும் வழியில்லை. அழுதால் மாமா ஏனென்று கேட்பார். ஏழு மாதம். கம்பு இடிக்கும்போதெல்லாம் ஒன்றையேதான் கேட்டேன்: "முருகா, என்னோடு சேர்ந்து அழ ஒரு ஆளைக் கொடு."

வைகாசி விசாகம் வந்தது. "குன்றத்துக்குப் போகணும், கெளம்பு" என்று மாமா பிடிவாதம் பிடித்தார். துக்க வீட்டார் வருஷம் திரும்பாமல் கோயிலுக்குப் போகக் கூடாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? பொட்டு வைத்துக்கொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் திருமங்கலம் வந்து, அங்கிருந்து ரயிலேறித் திருப்பரங்குன்றம் போனோம்.

துர்க்கை சந்நிதியில் பூசாரி விபூதி கொடுத்தார், வாங்கினேன். குங்குமம் கொடுத்தார். என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"அவன் இல்லையா?"

தலையை ஆட்டினேன்.

"எம்புட்டு நாளாச்சு?"

"ஏழு மாசம் மாமா."

"ஏழு மாசமும் ஒத்தையிலயா இருந்த?"

அப்புறம் அழுதார். வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். பூ விற்கிறவள் ஓடிவந்து, "பெரியவருக்கு வெயிலு ஒத்துக்கல போல, தண்ணி குடு ஆத்தா" என்றாள்.

"வெயிலெல்லாம் ஒண்ணுமில்ல, போ" என்றார் மாமா. என்னிடம் திரும்பி, "பெத்தவ செத்தப்பக்கூட நான் அழல தாயி. கல்லுன்னுல்ல என்னைய நெனச்சிருந்தேன்" என்றார்.

இப்போதும் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்பார். என்னைத் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் அந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. நான் பொட்டு வைப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. மகன் மண் தின்று அடி வாங்கியதை, முதல் முதல் ரயிலைப் பார்த்துப் பயந்து அவர் தோளிலேயே ஈரம் பண்ணியதைச் சொல்வார். சிரிப்போம், அழுவோம்.

மாமாவைப் பார்த்துக்கொள்ளும் அலுப்பு இன்னும் போகவில்லை. செத்தவர் வரவும் மாட்டார். நான் கேட்டது ஒரு துணை. அது என் வீட்டிலேயே இருந்தது.

யாரிடமும் சொல்ல முடியாதது உங்களுக்கும் ஒன்று இருக்கும். குன்றத்தில் இருப்பவனிடம் சொல்லி வையுங்கள். எப்படிக் கொடுப்பான் என்று நமக்குத் தெரியாது. எனக்கு, என் கையைப் பின்னால் இழுத்துக் கொடுத்தான்.