டவர் கேட்டவன் நான்தான்

எங்கள் மலைக்கு செல்போன் டவர் வேண்டும் என்று மனு கொடுத்து அலைந்தவன் நான். அதற்கு நன்றி கிடைத்ததில்லை. இன்று ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் திட்டுதான் கிடைத்தது.

பக்கத்து சீட்டுக்காரர் காதோரம் சொன்னார். ஆன்லைனில் பழகிய ஒருவன் அவர் மகளிடம் அந்தரங்கப் படம் வாங்கிவிட்டு, இன்னும் படங்கள் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் காட்டுவேன் என்று மிரட்டுகிறானாம்.

"எல்லாம் நீங்க கொண்டாந்த டவர்தாங்க. அவளோட இந்தப் போன வித்துட்டு, படிப்பயும் நிறுத்தப் போறேன்."

நான் விடவில்லை. "அவன் மிரட்டுனதெல்லாம் இதுலதான் இருக்குது. இத வித்துட்டு போலீஸ்ல இன்னாத்த காட்டுவ? தப்பு பண்ணவன் அவன், படிப்ப வுடறது உம்பொண்ணா?"

"வெளிய தெரிஞ்சா மானம் போய்டுங்க."

"அவன் மிரட்டறத உனக்கு யாரு சொன்னது?"

"அவளேதாங்க. அழுதுனே வந்து சொன்னா."

"உன்ன நம்பித்தானய்யா சொல்லியிருக்கா!"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர், நான் பின்னாலேயே வர, செல்போன் கடையைத் தாண்டிக் காவல் நிலையத்துக்கு நடந்தார். வாசலில் நின்று, தன் போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"பாப்பாகிட்ட குடு... சாப்ட்டியாம்மா? நாளைக்கு ஸ்கூலுக்குப் போ. அப்பா பாத்துக்கறேன்."

பேச்சு நடுவில் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. நான் கேட்டு வாங்கிய டவர்!

குறை சொல்கிறவர்கள் கீழே கமெண்டில் வரலாம். யார் வீட்டுப் பெண் என்று மட்டும் கேட்காதீர்கள்.