பை பிடிக்கும் ஸ்டாண்டும் இரண்டு தக்காளியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. என் மச்சான் குமரவேல் கையில் ஒரு நீளமான பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். மனைவி மல்லிகாவின் தம்பி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறான். கடலூருக்கு அவன் சும்மா வந்ததில்லை. ஒன்று, கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும். இல்லாவிட்டால், கடையில் விற்காத பொருள் இருக்கும்.

பத்திரிகை என்றால் ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். இதில் மஞ்சள் இல்லை.

"உங்களுக்குத்தான் மாமா. கிஃப்ட்டு" என்றான்.

செய்தித்தாள் ஆபீஸில் முப்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு, இலவசமாக வரும் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் தோன்றும். இவருக்கு என்ன வேண்டும்?

குமரவேல் பொட்டலத்தைப் பிரித்தான். குடை அளவுக்கு மடங்கியிருந்த நான்கு வெள்ளைக் குழாய்கள். இழுத்து விரித்ததும் எதிரெதிராகக் கால் பரப்பி, இடுப்பு உயரத்துக்கு நின்றன. மேலே இரண்டு கைகள். அதில் பள்ளம். ஜவுளிக் கடையில் துணியோடு தருகிறார்களே, அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் பை... அதன் காதுகளை இந்தப் பள்ளங்களில் மாட்டிவிட்டால், பை வாயைத் திறந்தபடி நிற்கும். யாரும் பிடிக்க வேண்டாம்.

"பஸ்ல கண்டக்டர் இது கேமரா ஸ்டாண்டான்னு கேட்டாரு மாமா."

"எத்தனை வாங்கிப் போட்ட?"

"நாப்பது."

"எத்தனை போச்சு?"

குமரவேல் தன் அக்காவைப் பார்த்தான். "புவனகிரிக்காரங்க, கிள்ளைக்காரங்க எல்லாம் வராங்க. விரிச்சிப் பாக்குறாங்க. பையைப் புடிக்க வீட்ல ஆளு சும்மாத்தான இருக்குதுன்னு சொல்லிட்டு, ஒரு பக்கெட் வாங்கிகினு போயிடுறாங்க."

மல்லிகா சிரித்தாள். அந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கும் வேலை தெளிவாகப் பிரிக்கப்பட்டது. பொறுக்குவது அவள். பையின் வாயைத் திறந்து பிடிப்பது நான்.

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. "பேப்பர்ல நீங்க எழுதுற பத்தியில ஒரே ஒரு வரி மாமா. சாமான் நல்லாருக்குதுன்னு. அது போதும்."

பயன்படுத்திப் பார்க்காமல் எதையும் எழுத மாட்டேன் என்றேன். பயன்படுத்தினாலும் எழுத மாட்டேன் என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்டாண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். மல்லிகாவுக்கு முழங்கால் வலி. அன்றைக்கு நான் மட்டும்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்தில் வசந்தா காய்கறி விற்கிறார். திருவந்திபுரம் பக்கத்தில் ஊர். பதினோரு வருடமாக அவரிடம்தான் வாங்குகிறோம். அவருடைய எலக்ட்ரானிக் தராசு அவர் பக்கம் திரும்பியிருக்கும். நமக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும். எண்ணைக் காட்டுங்கள் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை? நம்பிக்கை என்று சொல்லத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், அவர் நிறுக்கும் நேரத்தில் நான் எப்போதும் குனிந்திருப்பேன். இரண்டு கையாலும் பையின் வாயை விரித்துப் பிடித்து, உள்ளே பார்த்துக்கொண்டிருப்பேன். தராசுத் தட்டு கவிழும், காய் விழும், அதன் மேல் அவர் கையால் கூடுதலாக இரண்டு விழும். கொசுறு. தக்காளி வாங்கினால் இரண்டு தக்காளி, கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கத்தரிக்காய். இலவசமாக வருவதைச் சந்தேகப்படுகிற நான், இந்த இரண்டு தக்காளியை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

ஸ்டாண்டை விரித்தேன். பையை மாட்டினேன். எட்டு பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னா சார் இது, எந்த ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க?" என்றார் வசந்தா.

"பை பிடிக்கிற ஸ்டாண்ட். தக்காளி ஒரு கிலோ."

முதல்முறையாக என் இரண்டு கையும் சும்மா இருந்தன. கை சும்மா இருந்தால் கண் சும்மா இருக்குமா? கொஞ்சம் சாய்ந்து தராசின் மறுபக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு எண்கள். தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. தட்டைத் தூக்கிவிட்டார். தக்காளி பைக்குள் விழுந்துவிட்டது.

"வசந்தா, தொள்ளாயிரத்து ஐம்பத்தஞ்சுதானே காட்டுச்சு?"

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பதினோரு வருடம் குனிந்தபடி பேசியவன் நிமிர்ந்து பேசினால், அதுவே சத்தமாகக் கேட்கும் போலிருக்கிறது. நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள். வசந்தாவின் வலது கை அப்போது தக்காளிக் குவியலுக்குள் இருந்தது. அதைக் கவனித்தேன். ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. கை வெளியே வந்தது. இரண்டு தக்காளியைப் பைக்குள் போட்டார்.

பிடிபட்டதும் போடுகிறார். அப்படித்தான் நினைத்தேன்.

"பதினோரு வருஷமா பையைப் புடிச்சிகினு இங்கதான நின்னீங்க?" என்று மெல்லக் கேட்டார் வசந்தா.

பின்னால் நின்ற பெண் – பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர், சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார் – கையை நீட்டித் தராசை எங்கள் பக்கம் திருப்பினார். "இப்புடியே இருக்கட்டும்மா. எங்களுக்கும் தெரியட்டும்."

வசந்தா தராசைத் திரும்பத் தன் பக்கம் திருப்பவில்லை. கொத்தமல்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். ஸ்டாண்டை மடக்கினேன். உடனே மடங்கிவிட்டது. அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

வீட்டில் மல்லிகா பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சின்னத் தராசு இருக்கிறது. அதில் ஒரு பாத்திரத்தை வைத்துத் தக்காளியைக் கொட்டினேன். பாத்திரம் போக ஆயிரத்து நாற்பத்தைந்து கிராம். இரண்டாவது முறை நிறுத்தேன். அதேதான்.

நடந்ததை மல்லிகாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எல்லார் முன்னாடியுமா கேட்டீங்க?"

"கண்ணால பார்த்தேனே."

"அவ தட்டு எவ்ளோ சின்னது? மேடா வச்சா உருண்டு ரோட்டுக்குப் போயிடும். அதான் கொஞ்சம் முன்னாடியே தட்டைத் தூக்கிடுவா. மீதியைக் கையால போடுவா. பத்தாததுக்கு மேலயே போடுவா. அந்தத் தெருவுல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

"அது கொசுறு இல்லையா?"

"பாதி கொசுறு. பாதி உங்க தக்காளி." மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். "இத்தன வருஷமா பக்கத்துல நின்னு என்னத்தப் பாத்தீங்க?"

"பையைப் பிடிச்சுட்டு இருந்தேன்."

"அதான் சொல்றேன்."

ஆபீஸில் புதிதாக வருகிற நிருபர்களிடம் நான் ஓயாமல் சொன்ன ஒரு பாடம் உண்டு. எதிர்த்தரப்பிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தியை அச்சுக்கு அனுப்பாதே. நானோ எண்ணைப் பார்த்தேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்தக் கை குவியலுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

புதன்கிழமை மல்லிகா போய்வந்து செய்தி சொன்னாள். தராசு இப்போது ரோட்டைப் பார்த்தபடியே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் ரோட்டின் எதிர் வாடையில் இருக்கும் கடைக்குப் போய்விட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பக்கத்துத் தெரு இட்லிக் கடைக்காரர் இத்தனை நாளும் போனில் சொல்லிவிடுவார், வசந்தா நிறுத்து மூட்டை கட்டி வைப்பார், கடை ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான். யாரும் திரும்ப நிறுத்ததில்லை. இந்த வாரம் அந்த ஆள் ஒரு தராசோடு வந்திருக்கிறான்.

வசந்தாவின் வியாபாரத்தில் பாதி அந்த மூட்டை. அந்த மூட்டை ஓடியது காயால் மட்டுமல்ல, பெயரால். அதைத்தான் நான் நாற்பத்தைந்து கிராமுக்கு உடைத்துவிட்டேன்.

செய்தித்தாள்களின் பழைய கெட்ட வழக்கம் ஒன்றும் எனக்குத் தெரியும். தப்பான செய்தி முதல் பக்கத்தில் வரும். அதற்கான திருத்தம் உள்ளே, வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற அளவில் வரும். தனியாகப் போய் வசந்தாவிடம் மன்னிப்புக் கேட்டால் அது உள்பக்கத் திருத்தம். எனவே அடுத்த ஞாயிறு, அதே நேரத்துக்கு, கூட்டம் இருக்கும்போதே போனேன். ஸ்டாண்டை எடுத்துப் போகவில்லை.

டீச்சரும் இருந்தார். நல்லது.

"போன வாரம் எடை குறையுதுன்னு நான்தான் சொன்னேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அது தப்பு. வீட்ல நிறுத்தேன். நாற்பத்தஞ்சு கிராம் கூட இருந்தது. வசந்தா மீதியைக் கையால போடுறாங்க. நான் அதைப் பார்க்காம பேசிட்டேன்."

டீச்சர்தான் முதலில் பேசினார்.

"கையால போடுவாங்களா? இந்த வாரம் எனக்கு ஒண்ணும் போடலியே?"

"மிஷினப் பாத்து வாங்குறவங்களுக்கு மிஷின்ல இருக்கறதுதான் டீச்சர்" என்றார் வசந்தா. கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற அதே குரல். "ஆயிரம் காட்டுதா? அவ்ளோதான். எனக்கும் இதான் சௌகரியம்."

கவனித்தேன். அவர் இப்போது தட்டில் பாதி நிறுத்து, பையில் கொட்டி, மறுபாதியைத் தனியாக நிறுக்கிறார். எண் கொஞ்சம் தாண்டினால் பெரிய தக்காளியை எடுத்துவிட்டுச் சின்னதை வைக்கிறார். எல்லோருக்கும் மிகச் சரியான ஒரு கிலோ. ஒரு தெருவுக்கே நான் வாங்கிக் கொடுத்த நியாயம் இது. எல்லோரும் முன்பைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்... எண்ணைப் பார்த்து, திருப்தியாக.

"இட்லிக் கடைக்காரர்கிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம் சார். நாலு நாளு நிறுத்துப் பாத்தாரு. நேத்தியிலேர்ந்து ஆளு வெறுங்கையோடதான் வருது." அடுத்த தக்காளியைத் தட்டில் வைத்தார். "நீங்க சொன்னதுக்காவ இல்ல. அவரே நிறுத்துப் பாத்தாரு."

சரிதான். என் திருத்தத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

"அப்ப தராசை உங்க பக்கம் திருப்பிக்கலாமே?"

"இருக்கட்டும் சார்."

பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். தக்காளி இரண்டு தவணையாக விழுந்தது. ஒரு கிலோ. பையை உடனே மூடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருந்தேன். ஒன்றும் விழவில்லை.

"வேற இன்னா வேணும் சார்?"

"ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குமரவேல் இரண்டு முறை போன் செய்துவிட்டான். "இன்னாச்சு மாமா, எழுதினீங்களா? மீதி எல்லாம் கடையில எடம் அடைச்சிகினு கெடக்குது." அவன் கேட்ட ஒரு வரியைக் கொடுத்துவிடுகிறேன். ஸ்டாண்டில் ஒரு குறையும் இல்லை, பையை ஆடாமல் பிடிக்கிறது. அது சும்மா விட்ட கைகளை என்ன செய்வது என்பதற்கு மட்டும் பொட்டலத்துக்குள் குறிப்பு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது அது மொட்டை மாடியில் நிற்கிறது. மல்லிகா அதில் துணி கிளிப் போட்டு வைக்கும் பையை மாட்டியிருக்கிறாள்.

அடுத்த வாரமும் சரியாக ஒரு கிலோ. அதற்கு அடுத்த வாரமும்.

இந்த ஞாயிறு தட்டு இரண்டாவது முறை கவிழ்ந்த பிறகு, பைக்குள் ஒரு தக்காளி தனியாக விழுந்தது. கையால் போட்டாரா, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்து உருண்டதா... தலையை ஒரு அங்குலம் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் தூக்கவில்லை.