சும்மாடு இல்லாத தலை

மரக்காணம் உப்பளத்தில் ராசம்மாளைவிட வாய் நீளமான பெண் கிடையாது. வாயாவது பரவாயில்லை, கேள்விகள் அதைவிட நீளம். உப்பு ஏற்ற வரும் லாரி டிரைவரிடம் இது எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் தின்கிறார்கள் என்றெல்லாம் குடைந்தெடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் தலைக்கு மேலே ஞாயிறுதோறும் விமானத்திலிருந்து மனிதர்கள் குதித்துக்கொண்டிருந்தால் சும்மா இருப்பாளா?

அவர்களைக் குதிக்க வைக்கும் கம்பெனியில்தான் மகள் தமிழ்நிலா பில் போடுகிறாள். வேலை செய்கிறவர்களின் வீட்டில் ஒருவருக்கு ஒரு தடவை இலவசம்.

"நான் போறேன்" என்றாள் ராசம்மாள்.

"மேல போயி இன்னா பண்ணப் போற?" என்றாள் மகள்.

"நம்ம உப்புப் பாத்தி அங்கேருந்து எப்டி இருக்குதுன்னு பாக்கணும். இருபது வருசமா மிதிக்கிறேன், ஒருவாட்டிகூட முழுசா பாத்ததில்ல."

ஊரே சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சியாளன் சித்தார்த்தன் சென்னைக்காரன், பொறுமைசாலி. முதல் தடவை குதிப்பவரைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவனே குதிப்பான். பாராசூட்டும் அவன் முதுகில்தான். கதவைத் தாண்டியதும் இடுப்பை முன்தள்ளி, தலையைப் பின்னால் சாய்த்து அவன் தோளில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை அவன் முகத்தில் இடிக்கும்.

தரையில் பழக்கிப் பார்த்தபோது ராசம்மாளின் இடுப்பு வளைந்தது. தலை மட்டும் சாயவில்லை.

"அண்ணாந்து பாருங்கக்கா."

முகவாய் ஒரு விரற்கடை ஏறியது. உடனே வலது கை தானாக உச்சந்தலைக்குப் போய், அங்கே இல்லாத உப்புக் கூடையைப் பிடித்தது. தமிழ்நிலா சிரித்துவிட்டாள். ஐந்தாவது தடவையும் அதே கை, அதே கூடை. இருபது வருடம் சுமந்த கழுத்து. அண்ணாந்தால் உப்பு கொட்டிவிடும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"இப்டியே போனா ரெண்டு பேருக்கும் ஆபத்துக்கா. இன்னும் ஒருவாட்டி பாப்போம். வரலன்னா வேணாம்."

ராசம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரின் கேலியை எல்லாம் தாங்கிக்கொண்டு வந்து, கடைசியில் கழுத்தால் கெட்டதே! மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். நாள் முழுக்கச் சுமக்கிற இந்தக் கழுத்து எப்போதுதான் இளகுகிறது?

பக்கத்திலிருந்த கம்பெனிக் கூடாரம் காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் மணல் மூட்டைகள் வைத்திருந்தார்கள்.

"தம்பி, அதுல ஒண்ண என் தலையில தூக்கி வையி."

துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மூட்டையோடு பத்தடி நடந்தாள். உப்பு அம்பாரத்தில் கொட்டுவதுபோல் முன்னால் தள்ளினாள். தள்ளிவிட்டு, தினமும் செய்வதுபோலவே, "அப்பாடா!" என்று நிமிர்ந்தாள். முகம் நேராக வானத்தைப் பார்த்தது.

"அதான்க்கா! அதேதான்!"

பத்தாயிரம் அடியில் கதவு திறந்தது. மனதுக்குள் கூடையைத் தள்ளினாள். அப்பாடா!

தரை இறங்கியதும் தமிழ்நிலா ஓடி வந்தாள். "யம்மா, நம்ம பாத்தி தெரிஞ்சுதா?"

ராசம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, பாக்கவே இல்லடி! எறங்குற வரைக்கும் அண்ணாந்தே இருந்துட்டேன். தலையில ஒண்ணுமே இல்லடி. ஒண்ணுமே இல்ல!"

சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.