கிளெம் வீட்டுக்கு அடியிலிருந்த குவீன்ஸ்லாந்து

போன வாரம் பக்கத்து வீட்டின் பழைய கேஸ் ஹீட்டரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதிதாகக் குடிவந்த தம்பதிக்கு அது துருப்பிடித்த பெட்டி. எனக்கு அது கிளெம் ட்ரெகென்சா. வேலியோரம் நின்று கையாட்டினேன். லாரிக்காரர் தனக்கென்று நினைத்துத் திருப்பி ஆட்டினார்.

கிளெம் ரயில்வே பட்டறையில் நாற்பது வருடம் கொதிகலன்களோடு வெந்தவர். அதனாலோ என்னவோ, வீட்டில் சூடு என்பது அவருக்கு ஊதாரித்தனம். ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் எங்கள் பல்லாரட்டின் குளிரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்; இருந்தாலும் சொல்கிறேன். இங்கே நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்தில் வெண்ணெய் வெட்ட நாங்கள் ரம்பம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்குத் தேன் வேண்டுமென்றால் சனிக்கிழமையே புட்டியை மடியில் வைத்து அடைகாக்க வேண்டும்.

எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஏப்ரல் இருபத்தைந்து, போரில் மாண்டவர்களை நினைக்கும் ஆன்சாக் நாள்வரை ஹீட்டரைத் தொடக்கூடாது. விடியற்கால அஞ்சலிக்குப் போய், நினைவுத்தூண் முன்னால் நடுங்கி நின்றுவிட்டு வந்த பிறகே பொத்தானை அழுத்தலாம். அதற்கு முன் எந்த வீட்டுப் பெட்டியாவது உறுமினால் கிளெமின் காதுக்குத் தப்பாது. நடைபாதையில் நின்று கத்துவார்:

"தெருவுல யாரோ சரணடைஞ்சுட்டாங்கப்பா!"

அவர் வீட்டு ஹீட்டர் சுவருக்கு வெளியே நின்றது. சூடான காற்று மரத்தரைக்கு அடியிலுள்ள பருத்த குழாய்களில் ஓடி அறைகளுக்கு வரும். ஒவ்வொரு அறையின் தரையிலும் கம்பித்தட்டு போட்ட ஒரு வாய். குழாய் பொருத்துகிறவர் கேட்ட கூலி கட்டாது என்று, கிளெமே அடியில் தவழ்ந்து போய்க் குழாய் இணைப்புகளை நாடா சுற்றி ஒட்டினார். பிறகு கேஸை மிச்சம் பிடிப்பதற்காக, கூடத்து வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடி, மேலே டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கினார். மனைவி யூனாவின் பழைய காலுறைகளில் மணலை அடைத்துக் கதவடியில் பாம்பு பாம்பாகப் போட்டார். ஒன்றை மிதித்த பாதிரியார் சோபா மேல் ஏறி நின்று முழு ஜெபமும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

இத்தனை செய்தும் வீடு குளிர்ந்தே கிடந்தது. பில் மட்டும் ஏறியது. யூனாவின் இருமலும் ஏறியது.

ஹீட்டர் வந்து பதினோராவது குளிர்காலம். ஆன்சாக் நாள் முடிந்து ஒரு வாரம். எலுமிச்சை கொடுக்கப் போனேன். கூடத்தில் பெட்டியும் படுக்கையும் கட்டி வைத்திருந்தது.

"என்னடி இது?"

"நாளைக்கு ரயிலு. வடக்க, வெயில் காயுற குவீன்ஸ்லாந்துல தங்கச்சி வீடு. போனா வரமாட்டேன், நெரிடா," என்றாள் யூனா. "அவருக்கு ஒரு வாரம் கெடு குடுத்தேன். என் கால் இன்னும் பொணம் மாதிரி இருக்கு. அவர் கேஸ் மீட்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கட்டும்."

கிளெம் ஜன்னலோரம் நின்றிருந்தார். கையில் ஒரு மணல் பாம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

யூனா எலுமிச்சையை முகர்ந்து பார்த்தாள். "ஊர்ல எல்லா மரமும் பனியில கருகுது. உன்னுது மட்டும் எப்பிடிடி காய்க்குது?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மரம் கிளெம் வீட்டு அஸ்திவாரத் துளைக்கு நேர் எதிரே நின்றது. அந்தத் துளையிலிருந்து குளிர்காலம் முழுக்க இளஞ்சூடான காற்று வரும். என் பூனை பிஷப், மே மாதம் அதற்குள் போனால் செப்டம்பரில்தான் குண்டாகத் திரும்பும். எங்கோ குழாய் கழன்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்காட்சியில் அந்த எலுமிச்சைக்கு இரண்டு தடவை முதல் பரிசு, நீல ரிப்பன் கிடைத்திருந்தது. ரிப்பன் மனிதரை ஊமையாக்கும்.

பெட்டியைப் பார்த்தேன். என் முப்பது வருடப் பேச்சுத்துணை நாளைக்கு ரயிலேறப் போகிறது.

"கிளெம்," என்றேன், "பிஷப் உங்க வீட்டுக்கடியில மாட்டிக்கிச்சு. கத்துது."

"டீச்சர், அந்தப் பூனை என்னைக்குக் கத்திருக்கு? திங்கிறதுக்குத்தான் வாயத் திறக்கும்." பள்ளிக்கூட வேலை பார்த்த என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"செத்துக்கித்துப் போச்சுன்னா நாறப்போறது உங்க வீடுதான்."

முனகிக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். சிறிது நேரத்தில், கூடத்துத் தரைவாய்க்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"யூனா!"

யூனா மண்டியிட்டுக் குனிந்தாள். "என்ன?"

"குழாய் கழண்டு கெடக்கு! எல்லாச் சூடும் இங்கதான் இருக்கு! நான் சட்டையக் கழட்டிட்டேன்! ஏழு பூனை, மரத்துலேர்ந்து எறங்கி வந்த ஒரு போசம், எல்லாம் மல்லாந்து படுத்திருக்கு! குவீன்ஸ்லாந்து இங்கதாண்டி இருக்கு!"

ஒன்பதாவதாக, வளை தோண்டும் குண்டு மிருகம் ஒரு வாம்பட்டும் இருந்தது என்பது நான் பின்னால் சேர்த்தது. மற்ற வாய்களையெல்லாம் அவர் அடைத்ததால், காற்று தள்ளித் தள்ளி, அவர் ஒட்டிய நாடாவே பிய்ந்து போயிருந்தது.

"அப்ப பதினோரு வருஷமா பூனைக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு, எனக்கு மணல் பாம்பு குடுத்தியா, மனுஷா?" என்று தரையைப் பார்த்துக் கத்தினாள் யூனா. கத்தும்போதே சிரித்துவிட்டாள்.

மாலைக்குள் குழாய் மாட்டப்பட்டது. டைரக்டரிகள் குப்பைக்குப் போயின. யூனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைவாயின் மேல் நின்றாள். பாவாடை பலூனாக உப்பியது. "அப்படியே நில்லு," என்றார் கிளெம். பெட்டி அலமாரி மேல் ஏறியது.

அடுத்த பில் ஏறக்குறைய பாதியாக வந்தது. அடுத்த ஜூலையில் என் மரம் கருகியது. கிளெம் ஒரு சாக்கோடு வந்து அதன் மேல் போர்த்தினார்.

"டீச்சர், எத்தனை வருஷமா தெரியும்?"

"ரெண்டு."

"ரிப்பனே ரெண்டு வாங்கிட்டீங்களே."

"சரி, நாலு."

"யூனாகிட்ட சொல்லிடாதீங்க. உங்க ஜன்னலை உடைச்சிருவா."

யூனா அந்த வீட்டில் இன்னும் ஒன்பது குளிர்காலம் இருந்தாள். ஒவ்வொரு ஆன்சாக் நாளும் அஞ்சலி முடிந்து வந்ததும் வேலிக்கு மேலே கத்துவாள்: "வாடி, குவீன்ஸ்லாந்து திறந்தாச்சு!" ஆளுக்கொரு காலை அந்தக் கம்பித்தட்டின் மேல் வைத்துக்கொண்டு டீ குடிப்போம். கிளெம் சூட்டைக் கூட்டும் தெர்மோஸ்டாட்டைப் பதினெட்டு டிகிரிக்கு மேல் யாரும் திருப்பாமல் காவல் நிற்பார்.

லாரி போன பிறகு, அந்தக் கூடத்துக் கம்பித்தட்டை மட்டும் புதுத் தம்பதியிடம் கேட்டு வாங்கி வந்தேன். எலுமிச்சை நின்ற இடத்தில் போட்டிருக்கிறேன். இப்போதுள்ள பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்தான் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். சில்லென்றுதான் இருக்கிறது.