இருபத்தொன்றாவது படி

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் 'அரைப்பாகை', முகத்துக்கு முன்னால் 'சார்'. இருபத்தைந்து பாகைக்கு மேல் சரிந்த நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்பது எங்கள் நகரத்துக் கட்டட விதி. கீழே இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் ஊரே மலைமேல் ஏறப் பார்த்த காலம் அது. இருபத்தைந்தரை வந்தால் மற்ற சர்வேயர்கள் தலையைச் சொறிந்துவிட்டு இருபத்தைந்து என்று எழுதுவார்கள். இவர் எழுத மாட்டார். அரைப்பாகைக்காக ஒரு குடும்பத்தையே திருப்பி அனுப்பிய மனுஷர். அதனால் அந்தப் பெயர்.

நான் பதிவறை குமாஸ்தா. பத்தொன்பது வருஷமாக அவர் அறிக்கைகளை வாங்கி, எண் போட்டு, அலமாரியில் அடுக்கியவள். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாயைத் திறக்க வேண்டிய ஒரே நாளில் நான் திறக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கோணமானியை வைத்து அளப்பதற்கு முன்னால் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்து இறக்குவார். பிறகு உருவி, நுனியில் ஒட்டிய மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். மலை தானாக வைத்திருக்கும் மண்ணா, மனுஷன் லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணா என்று பார்க்கத்தான். சரிவு அதிகமுள்ள இடத்தில் இடிந்த கட்டடத்துச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொட்டி, மேலே புல் வளர்த்து, "பாருங்க சார், எவ்வளவு சமமா இருக்கு" என்று இளிக்கிறவர்கள் உண்டு. கம்பி நுனி அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'கம்பி இறக்கிப் பார்த்தேன். இயற்கை மண்.'

"சார், வீட்டுல குழம்பு வெச்சாலும் கம்பி விட்டு மோந்துதான் சாப்பிடுவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ வெச்ச குழம்புன்னா கண்டிப்பா கம்பி விடணும்மா" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவளை ஒரு வேன் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார். பாவம், அந்தப் பெண் ஒன்பது வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறினாள். ஒவ்வொரு தடவையும் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டும்போது அண்ணனுக்குப் போன் போட்டு அழுவாள். அதன்பிறகு டிரைவர் மலைச்சரிவில் ஒரு மனை வாங்கினார். அந்தச் சரிவில் ஆடு நின்றாலே கால் வழுக்கும். டிரைவருக்கு லாரிக்காரர்கள் எல்லாரும் பழக்கம். முப்பது லோடு இடிபாடு இறங்கியது. மேலே புல்லும் வளர்ந்தது.

அந்த மனைக்கான அறிக்கை என் மேசைக்கு வந்தபோது வழக்கம்போல் புரட்டினேன். சரிவு இருபத்துமூன்று பாகை என்று இருந்தது. கையெழுத்தும் தேதியும் இருந்தன. கடைசி வரி மட்டும் இல்லை.

இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலையைத் தூக்கினால் அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் கேட்டிருக்கலாம். 'சார், ஒரு வரி விட்டுப்போச்சே' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏழு வீடு மாறிய அந்தப் பெண்ணின் அழுகையை நானும் போனில் கேட்டிருக்கிறேன். எண் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்று மழைக்காலம் போனது. நான்காம் வருஷம், மழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் பதிவறைக்கு வந்தார்.

"அந்த ஃபைலை எடும்மா."

எந்த ஃபைல் என்று எனக்குத் தெரியும். எடுத்து வந்து வைத்தேன். வரைபடத்தை மேசைமேல் விரித்தார். சாலை மேலே, வீடு கீழே. சாலையிலிருந்து வாசலுக்கு இறங்கும் படிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"எத்தனை?"

"பதினெட்டு சார்."

"நேத்து தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல்கட்டு ஜன்னலைக் காட்டி, 'ரோடு ஒசந்துகிட்டே போகுதுண்ணா'ன்னு சிரிச்சா. முன்னெல்லாம் அதுவழியா தெருவிளக்குத் தலை தெரியுமாம். இப்ப வெளிச்சம் மட்டும்தான் வருதாம். நானும் சிரிச்சேன். திரும்பி ஏறும்போது சும்மா எண்ணிக்கிட்டே ஏறினேன். இருபத்தொண்ணு."

"தப்பா எண்ணியிருப்பீங்க."

"நானா?" என்றார்.

மத்தியானமே இருவரும் கிளம்பிப் போனோம். நானே எண்ணிக்கொண்டு இறங்கினேன். இருபத்தொன்றுதான். மேலே இருந்த மூன்று படிகளின் சிமெண்ட் மட்டும் நிறம் வேறாக இருந்தது.

டிரைவர் வீட்டில்தான் இருந்தார். கேட்டதும் அவருக்கு ஒரே பெருமை. "நான்தான் மச்சான் கட்டினேன். ஒவ்வொரு மழை முடிஞ்சதும் மேல் படிக்கும் ரோட்டுக்கும் நடுவுல இடைவெளி விழுது. காலை அகட்டி ஏற வேண்டியிருக்கு. ரோட்டு மண்ணு அரிக்குது போல. வருஷத்துக்கு ஒரு படி, நம்ம கையாலயே."

"தண்ணிக் குழாய் எப்படி இருக்கு மாப்ள?" என்று அரைப்பாகை கேட்டார். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"அதுவா? வருஷத்துக்கு ஒருதரம் ஜாயின்ட் விட்டுக்கும். பிளம்பர் ஒரு துண்டு பைப் சேத்துட்டுப் போவார்."

"கரண்ட் கம்பி?"

"விறைப்பா இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு லைன்மேன் போன வருஷம் ஒரு முழம் சேத்துக் கட்டினார். ஏன் மச்சான், என்னாச்சு?"

பிளம்பர் குழாயைப் பார்த்தார், லைன்மேன் கம்பியைப் பார்த்தார், டிரைவர் படியைப் பார்த்தார். மூன்று பேரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு சரிவில் கீழே போகப் போக அதன் கயிற்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அரைப்பாகை பையிலிருந்து, தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நின்றது. அசையவே இல்லை. சுவரில் ஒரு கீறல் கிடையாது. கதவு தடையில்லாமல் மூடியது. மேசைமேல் தங்கை வைத்த தண்ணீர் டம்ளர் விளிம்பு வரை நிரம்பி, சொட்டுச் சிந்தாமல் இருந்தது. கொல்லையில் இறங்கி எல்லைக் கல்லிலிருந்து வீட்டுக்கு அளந்தார். வரைபடத்தில் உள்ளதற்கு ஓர் அங்குலம்கூட மாற்றமில்லை. கல்லும், துணிக்கொடியும், கொய்யா மரமும், வீடும் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்துகொண்டு எதை அளந்தாலும் சரியாகத்தான் வரும்.

அப்போதுதான் அந்தக் கம்பியை எடுத்தார். நான்கு வருஷம் முன்பு இறக்கியிருக்க வேண்டிய கம்பி. கொல்லை மண்ணில் வைத்து இரண்டு அடி அடித்தார். மூன்றாவது அடிக்கு முன்னால் கம்பி தானாகவே உள்ளே போனது. யாரோ கீழே நின்று பிடித்து இழுத்துக்கொண்டது போல, சரசரவென்று, தலை வரைக்கும். நாங்கள் இருவரும் அதன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிடுங்கக் குனிந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாம்மா, மேல போயிடலாம்" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

தங்கையிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. டிரைவர் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். "ஒரு கீறல் காட்டுங்க மச்சான், நான் இன்னைக்கே காலி பண்றேன்." காட்ட ஒன்றுமில்லை. அன்று தொடங்கி தினமும் போய்க் கெஞ்சினார். "ஒரே ஒரு மழைக்காலம் மட்டும் என் ரூம்ல வந்து இருங்க" என்றார். "எட்டாவது வீடாண்ணா?" என்று தங்கை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாளாம்.

மேலதிகாரியிடம் போனார். வீடு நகர்கிறது, காலி செய்ய உத்தரவு போடுங்கள் என்றார். கோப்போடு நானும் பக்கத்தில் நின்றேன்.

"எதை வெச்சு நகருதுன்னு சொல்றீங்க?"

"படி மூணு கூடியிருக்கு சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுக்காரன் கட்டின படியை எண்ணி மலை நகருதுன்னு நான் எழுதவா? வேற காரணம் இருந்தா சொல்லுங்க."

வேறு காரணம் ஒன்று இருந்தது. அது அந்த அறையில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி எழுதினார். மண் கொட்டப்பட்ட நிலம் என்று தெரிந்தே அளந்ததாகவும், அடியிலுள்ள உண்மையான சரிவு முப்பத்தோரு பாகை என்றும், தன் தங்கைக்காகப் பொய் அறிக்கை கொடுத்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோப்பில் அந்த வரி இல்லாததை நான் அன்றே பார்த்தேன் என்று ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இதுதான் நடந்தது.

விதியை மீறிய கட்டடம் என்று ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. வீடு நகர்கிறது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. போலீஸ் நின்று சாமானை வெளியே எடுத்துவைத்தது. சாலையோரத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தங்கை கத்தினாள். "கட்டச் சொன்னவனும் நீ, காலி பண்ணச் சொல்றவனும் நீ! இனிமே எனக்கு அண்ணன் இல்ல!" அவர் தலையைக் குனிந்துகொண்டு பாத்திர மூட்டையை வேனில் ஏற்றினார். அவளும் அவள் புருஷனும் வேனில் ஏறிப் போனதும் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவருக்கு வேலை போனது.

மழை வந்தது, போனது. அடுத்த மழையும் போனது. வீடு விழவில்லை. ஒரு செங்கல் பெயரவில்லை, ஒரு கண்ணாடி விரியவில்லை. சாலையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன தகராறோ, நல்ல வீட்டைக் கெடுத்துட்டான்" என்றார்கள். பூட்டிய வீட்டுக்கு இருபத்திரண்டாவது படி கட்ட யாருமில்லை. புல் மண்டிவிட்டதால் மேலே இடைவெளி எவ்வளவு என்றும் யாருக்கும் தெரியவில்லை.

தங்கைக்கு மட்டும் தெரிந்தது. அவள் அடிக்கடி அங்கே போய்ச் சாலையில் நின்று வீட்டைப் பார்ப்பாளாம். அவள் குடியிருந்த காலத்தில் சாலையிலிருந்து பார்த்தால் மாடித் தொட்டியின் வயிறு கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒருநாள் போனபோது தொட்டியின் மூடி தெரிந்தது. அப்புறம் ஒருநாள் மூடிமேல் காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு தெரிந்தது. இதை அவள்தான் என்னிடம் வந்து சொன்னாள். அண்ணனிடம் போய்ச் சொல்லும்மா என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். பிடிவாதத்தில் அண்ணனைப் போலத்தான்.

இதற்குள் அலுவலகத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அரைப்பாகை யார் யாருக்கு இடமில்லை என்று எழுதினாரோ அவர்களெல்லாம் படையெடுத்து வந்தார்கள். தங்கைக்குப் பொய்யாக எழுதியவன் எங்களுக்கு மட்டும் உண்மையாகவா எழுதியிருப்பான் என்று கேட்டார்கள். அதிகாரி முன்பு மறுத்த மனைகளை எல்லாம் மறுபடி அளக்கச் சொன்னார். புது சர்வேயரிடம் நல்ல வெளிநாட்டுக் கோணமானி இருக்கிறது. கம்பி கிடையாது. அதே சரிவில், தங்கை வீட்டுக்கு நேர் மேலே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்பது வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒன்பது உத்தரவுகளையும் தட்டச்சு செய்தவள் நான்தான்.

அனுமதி வாங்கியவர்களை எச்சரிக்க அரைப்பாகை அவர்கள் குடியிருந்த வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினார். மூன்றாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அலுவலகத்துக்குள் அவரை விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. கேட்டுக்கு வெளியே நிற்பார். நான் வெளியே வரும்போது, "இன்னைக்கு எத்தனை வீட்டுக்கும்மா குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்பார்.

தங்கையை யாரும் தடுக்கவில்லை. விசாரணை நாளில் அவள் உள்ளே வந்து மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் நிதானமாக, அழாமல், தொட்டியைப் பற்றிச் சொல்வாள்.

நேற்று பத்தாவது மனுவுக்கு ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். தங்கை சொல்வதை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், அந்தம்மா சொல்றது நெஜமா? யாரு அவங்க?"

இந்தத் தடவை வாயைத் திறந்தேன். "நெஜம்தான்மா. நானே அந்தப் படியை எண்ணிப் பார்த்தவ. அவங்கதான் அந்த வீட்டுல இருந்தாங்க. இங்க முன்னாடி சர்வேயரா இருந்தாரே, அவரோட தங்கச்சி."

"அந்தப் பொய் சொல்லி மாட்டிக்கிட்டாரே, அவரோட தங்கச்சியா?" என்றான் புருஷன்.

பெண்ணின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அப்பாடா, பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் குடி போய்விட முடியுமா என்று என்னிடம் கேட்டாள்.